வெள்ளைப் பொடியைக் காட்டிக்கொடுக்கும் பச்சை வெளிச்சம்!

2001 அக்டோபர் 15. வாஷிங்டனில் ஒரு செனட்டரின் அலுவலகத்துக்கு வந்த கவரைப் பிரித்தால், உள்ளே வெள்ளைப் பொடி. ஆந்த்ராக்ஸ் கிருமி! அங்கிருந்தவர்களுக்கு உடனே மருந்து கொடுத்தார்கள். ஆனால், அந்தக் கவர் கடந்துவந்த தபால் பிரிப்பு மையம் 21-ம் தேதிதான் மூடப்பட்டது. ஒட்டிய கவரிலிருந்து கிருமி கசியாது என்று நம்பியிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த இருவர் இறந்துபோனார்கள். அப்போது வந்த ஆந்த்ராக்ஸ் கடிதங்கள் பறித்த உயிர்கள் மொத்தம் 5.

'பொடி சிந்திய இடத்திலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தால்?' என்று தோன்றுகிறதா? வேதியியலில் அதற்கு ஒரு வழி உண்டு. அதன் ஹீரோ, டெர்பியம்.

டெர்பியமும் யூரோப்பியமும் லாந்தனைடு குடும்பத்து உலோகங்கள். டெர்பியம் பச்சையாகவும், யூரோப்பியம் சிவப்பாகவும் ஒளிரும். ஆனால், வெளிச்சத்தை உறிஞ்சுவதில் இரண்டுமே சோம்பேறிகள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒரு கரிம மூலக்கூறு புற ஊதாக் கதிரை வாங்கிக் கொடுத்தால்தான் பிரகாசிக்கும். மொட்டை மாடி டிஷ், டி.வி-க்கு சிக்னல் வாங்கிக் கொடுப்பதுபோல! விஞ்ஞானிகளும் இந்த மூலக்கூறை 'ஆன்டெனா' என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த உலோகங்களை வைத்து ஒரு வலை பின்னலாம். மீன்வலையின் முடிச்சுகள் இருக்கும் இடத்தில் உலோக அயனிகள். நூல் இருக்கும் இடத்தில் கரிம மூலக்கூறுகள். இதுதான் 'கோஆர்டினேஷன் பாலிமர்'. நம் செல்களில் இருக்கும் நியூக்ளியோடைடுகளையே நூலாக்கி, தண்ணீரிலேயே இப்படி நுண்துகள்கள் உருவாவதை 2009-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழு காட்டியது.

சரி, கிருமி எப்படி மாட்டுகிறது? ஆந்த்ராக்ஸ் வித்துகளின் உலர் எடையில் 5 முதல் 15 சதவிகிதம்வரை டைபிகோலினிக் அமிலம் இருக்கும். வித்துகளைச் சூடாக்கினால் அது வெளியே வரும். டெர்பியத்தை ஒட்டியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் அதன் ஒளியை மங்கவைக்கும். இந்த அமிலம் அவற்றைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தானே ஆன்டெனாவாக உட்கார்ந்துகொள்ளும். யு.வி. விளக்கைக் காட்டினால், பளீரென்று பச்சை! மைதா மாவோ, முகப் பவுடரோ இதைச் செய்யாது. காகிதப் பட்டையில் இதைத் தடவி, செல்போன் கேமராவால் நிறத்தைப் படிக்கும் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன.

ஒரே ஒரு சிக்கல். இதே அமிலம், மண்ணில் வாழும் சாதாரண பேசிலஸ் பாக்டீரியாக்களின் வித்துகளிலும் இருக்கிறது. பயிரில் புழுக்களைக் கொல்லத் தெளிக்கும் பி.டி. பொடியும் பச்சை காட்டும். ஆக, இது தீர்ப்பு அல்ல, எச்சரிக்கை மணி. பச்சை தெரிந்தால் முதலில் ஆட்களை வெளியேற்றிவிடலாம். அது ஆந்த்ராக்ஸ்தானா என்பதை லேப் நிதானமாகச் சொல்லட்டும்!