ராஜராஜனுக்கு வெல்வெட், குடிமக்களுக்குப் பழைய துண்டு

ஓசூரில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு சோழர் கால நாடக உடைகளைத் தைத்துக் கொடுத்தேன். தையல் எனக்குப் பிழைப்பு அல்ல. சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். வார விடுமுறையில் சிற்பம் பார்த்து, ஓவியம் பார்த்து, பழங்கால உடைகளைத் தைத்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. மெஷின் அம்மாவுடையது. அம்மா 18 ஆண்டுகள் அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகப் பக்கம் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய் வந்தவர்.

பட்டியலைக் கொடுத்த ஆசிரியர் ராஜராஜன், குந்தவை, தளபதிகள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வெல்வெட், ஜரிகை, முத்துச்சரம். கடைசி வரியில் 'குடிமக்கள் – 9 பேர்' என்று இருந்தது. அவர்களுக்கு என்ன தைக்கட்டும் என்று கேட்டேன்.

"அதுக்கு எதுக்குங்க தையல்? ஆளுக்கு ஒரு பழைய துண்டு போதும். மூஞ்சியில கொஞ்சம் கரி பூசிட்டா சரியாப் போயிடும்" என்றார்.

விழா அன்று அந்த ஒன்பது பேர் யார் என்று பார்த்தேன். ஐந்து பேர் எங்கள் காலனிப் பிள்ளைகள். யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு இதைச் செய்திருக்க மாட்டார்கள். யாரும் திட்டமிடாமலேயே இப்படி அமைந்துவிடுகிறதே, அதற்குப் பெயர்தான் சாதி.

2022-இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்த பிறகு சோழர் உடை ஒரு மோகமாகிவிட்டது. திருமணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டில் சோழ இளவரசன், குழந்தையின் முதல் பிறந்தநாளில் குட்டி ராஜராஜன். சதய விழா வந்தால் சாதிச் சங்கங்களின் சுவரொட்டிகளில் அதே கிரீடம், அதே வாள், 'எங்கள் குலத்து மன்னன்' என்ற அதே கூச்சல். ஒரே மன்னனை எத்தனை சாதிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன! இவ்வளவு வாரிசுகள் இருக்கிறார்களே, ராஜராஜன் காலத்துச் சேரியில் இருந்தவர்களின் வாரிசு என்று சொல்லிக்கொள்ள ஒரு சங்கமாவது சுவரொட்டி ஒட்டியிருக்கிறதா? அவன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் எழுதப்பட்டிருக்கின்றன. கிரீடத்தைத் தைக்கிறவர்கள் கல்வெட்டின் அந்த வரிகளை மட்டும் கத்தரித்துவிடுகிறார்கள்.

"இது வெறும் பொழுதுபோக்குதானே, இதிலுமா சாதி?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சரி, பொழுதுபோக்காகவே பேசுவோம். துணியிலிருந்தே தொடங்குவோம்.

அந்த வெல்வெட் சட்டைக்கும் சோழர்களுக்கும் சம்பந்தமே இல்லை. நாடகக் கம்பெனிகளும் பழைய சினிமாவும் நம் கண்ணில் பதித்த உடை அது. பெரிய கோயில் ஓவியத்தில் ராஜராஜன் என்று சொல்லப்படும் உருவத்தின் மேலுடம்பில் சட்டை கிடையாது. சிலப்பதிகாரத்தில் 'கஞ்சுகம்' என்ற தைத்த சட்டை வருகிறது. அதைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அரசனின் தூதர்களும் ஏவலர்களும். அதே காப்பியம் புகார் நகரத்துத் தொழிலாளர்களைச் சொல்லும்போது, துணி தைப்பவர்களைத் துன்னகாரர் என்றும், தோல் தைப்பவர்களைத் தோலின் துன்னர் என்றும் அடுத்தடுத்து வைக்கிறது. ஆக, நாம் மன்னனுக்கு மாட்டிவிடும் தைத்த சட்டை அன்று ஏவலரின் சீருடை. வரலாற்றை அப்படியே காட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, ஊழியர்களின் சட்டையை உருவி மன்னனுக்குப் போட்டுவிட்டு, ஊழியர்களின் தோளில் பழைய துண்டைப் போடுகிறோம்.

உடை தைக்க எனக்கு ஆதாரம் சிற்பங்கள். கச்சை எப்படி முடியப்பட்டது, கொசுவம் எந்தப் பக்கம் விழுந்தது, இடைக்கட்டில் எத்தனை சுற்று என்பதையெல்லாம் கல்லிலும் செம்பிலும் வடித்து வைத்தவர்கள் கம்மாளர்கள். அவர்களில் தச்சர், கொல்லர், தட்டார், கன்னார், சிற்பி என எல்லோரும் உண்டு. கொங்கு நாட்டில் பேரூர் முதலிய கோயில்களில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்த நாட்டுக் கம்மாளர்களுக்கு மன்னன் கொடுத்த சலுகைகளின் பட்டியல் அது. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம், வெளியே போகும்போது காலில் செருப்பு போட்டுக்கொள்ளலாம்.

மீண்டும் படித்துப் பாருங்கள். காலில் செருப்பு மாட்ட மன்னனின் ஆணை வேண்டும்! தெய்வத்தின் காலுக்குச் சிலம்பு வார்த்த தொழில்மரபினரின் நிலையே இது. அவர்களுக்கும் கீழே, தீண்டாச்சேரியில் வைக்கப்பட்டவர்களுக்கு அப்படி ஒரு ஆணையாவது கிடைத்திருக்குமா?

உடை வெறும் துணி அல்ல, அனுமதி. இது நமக்கு மட்டும் உரிய கேடு என்றும் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் 1363-இல் எந்த அந்தஸ்துக்காரர் எந்தத் துணி உடுத்தலாம் என்று சட்டமே போட்டார்கள். ஆனால் அங்கே காசு சேர்ந்தால் அந்தஸ்து மாறலாம். நம் மனுநூல் வகுத்தது பிறப்பின்படி. சண்டாளருக்கு அது விதித்த உடை பிணத்தின் மேல் கிடந்த துணி. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கர் அந்த நூலை ஏன் கொளுத்தினார் என்று கேட்கும் இளைஞர்கள் இந்த ஒரு விதியைப் படித்தாலே போதும்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பார்கள். எந்தக் காலம்? திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1822 முதல் அடிபட்டார்கள். 1859-இல் வந்த அரசாணையும் 'உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது' என்ற நிபந்தனையோடுதான் வந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 'குடிமக்களுக்கு ஒரு துண்டு போதும்' என்று அந்த ஆசிரியர் சொன்னது அவருடைய சொந்தக் கற்பனை அல்ல. அந்தத் தடைப் பட்டியலைத்தான் நாடக உடை என்ற பெயரில், தெரியாமலேயே, எனக்கு ஒப்பித்தார்.

இன்னும் கிட்டத்தில் வருவோம். 2018 நவம்பர். ஓசூர் பக்கத்து சூடுகொண்டப்பள்ளியைச் சேர்ந்த தலித் இளைஞரும், அவர் காதலித்து மணந்த வேறு சாதிப் பெண்ணும் கர்நாடகத்தில் காவிரியிலிருந்து பிணங்களாக எடுக்கப்பட்டார்கள். பெண்ணின் தந்தையும் உறவினர்களும் கைதானார்கள். செத்தது யார் என்று கண்டுபிடிக்கப் போலீசுக்கு உதவியது அந்த இளைஞரின் டி-ஷர்ட். அதில் அம்பேத்கர் படமும் 'ஜெய்பீம்' என்ற முழக்கமும் ஊர்ப்பெயரும் இருந்தன.

தடைப் பட்டியல் போட்டவர்களுக்கு ஒரு டி-ஷர்ட் சொன்ன பதில் அது. நம் மாவட்டத்தில் உடையின் வரலாறு எழுதப் போகிறவர்கள் அந்த டி-ஷர்ட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

தைப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அம்மா லைனில் நாள் முழுக்கக் காலர் மட்டும் தைப்பார். முழுச் சட்டை கைக்கு வராது. மணிக்கு இத்தனை என்று டார்கெட், தவறினால் சூப்பர்வைசரின் வசவு. அவர் தைத்த சட்டையைக் கடையில் வாங்க அவரால் முடிந்ததில்லை. 2016 ஏப்ரலில் பி.எஃப். பணத்தை எடுக்க விடாமல் ஒன்றிய அரசு புதிய விதி கொண்டுவந்தபோது, பெங்களூரின் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஓசூர் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். தலைவர் யாரும் அழைக்கவில்லை. தடியடி, கண்ணீர்ப்புகை எல்லாம் நடந்தது. ஆனால் அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. பழைய உடைகளைப் பற்றி இவ்வளவு பேசும் நம் ஆர்வலர்கள், அந்தச் சாலையில் உட்கார்ந்த இன்றைய துன்னகாரர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதுண்டா?

இன்னொரு பக்கத்திலிருந்தும் எனக்குத் திட்டு வருகிறது. "இது நிலப்பிரபுத்துவ ஏக்கம், விட்டுத் தொலையுங்கள் தோழர்" என்கிறார்கள் சில தோழர்கள். எனக்கு உடன்பாடில்லை. பழங்காலம் ஆளும் சாதிகளின் பட்டா நிலம் அல்ல. அம்பேத்கர் 'சூத்திரர்கள் யார்?' எழுதியது 1946-இல், 'தீண்டப்படாதவர்கள்' எழுதியது 1948-இல். அரசியல் சட்ட வேலைகளுக்கு நடுவேயும் அவர் வரலாற்றை விட்டுக்கொடுக்கவில்லை. நாம் விலகிக்கொண்டால் அந்த இடத்தில் சுவரொட்டிக்காரர்கள் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்தும் விட்டார்கள்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டம் நெடுக நடுகற்கள் நிற்கின்றன. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. மாடு மீட்கப் போய்ச் செத்தவர்களின் கற்கள். இறுக்கிய கச்சை, இடையில் குறுவாள், முடிந்த கொண்டை. மன்னர் அல்லாத மனிதர்களின் உடை வேண்டும் என்றால் இங்கே வந்து பாருங்கள். வெல்வெட் வாங்கச் சிக்பேட்டை போக வேண்டியதில்லை.

அந்த ஆண்டு விழாவுக்கு நான் பழைய துண்டு கொடுக்கவில்லை. ஒன்பது பிள்ளைகளுக்கும் வீட்டுக்கே போய் அளவெடுத்தேன். புதுக் கோரா துணியில் இடைக்கட்டும் மேல்துண்டும் ஓரம் மடித்துத் தைத்தேன். ஒன்பது ஜோடி செருப்பும் வாங்கி வைத்தேன். "குடிமக்களுக்கு எதுக்குங்க செருப்பு?" என்றார் ஆசிரியர். கல்வெட்டைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கரி வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார். செருப்பு மட்டும் மேடைக்குக் கீழேயே கிடந்தது. 'சோழர் காலத்துக்குப் பொருந்தாது' என்று யாரோ கழற்றச் சொல்லிவிட்டார்களாம். பாதி வெற்றிதான்.

இந்த ஆண்டும் உடை கேட்டு வந்திருக்கிறார்கள். தைத்துத் தருகிறேன், இரண்டு நிபந்தனைகள் என்று சொல்லியிருக்கிறேன். யாருக்கு எந்த வேடம் என்பதைப் பிள்ளைகள் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். நாடகத்தில் செருப்புக் கல்வெட்டை ஒரு பிள்ளை உரக்கப் படிக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஆண்டு விழா வரும், தோழர்களே. கிரீடம் யார் தலைக்குப் போகிறது, கரி யார் முகத்துக்குப் போகிறது என்று போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டுச் சும்மா திரும்பி வராதீர்கள்.