முழங்காலே நம் முதல்!

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மேட்டிலும் பள்ளத்திலும் மரம் சீவி, பால் வாளிகளைக் காண்டாவில் சுமந்து இறங்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் முதல் எது? உளியா? வாளியா? இரண்டு முழங்கால்களே முதல்! அதற்குச் சேதம் வந்தால் குடும்பமே முடங்குகிறது.

மூட்டுக்குள் எலும்பின் முனையை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. சீவிய மரப்பட்டை மீண்டும் வளரும். சிதைந்த குருத்தெலும்பு தானாக முன்போல் வளராது. இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743-லேயே இதை எழுதி வைத்தார்.

சுவீடன் நாட்டு மருத்துவர்கள் லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பெர்க் முதலானோர் இதற்கு ஒரு வழி கண்டனர். 1987-இல் தொடங்கிய சிகிச்சை அது. நோயாளியின் மூட்டில் பாரம் தாங்காத பகுதியிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, அதன் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் 2, 3 வாரம் பெருக்கி, பழுதான இடத்தில் செலுத்தினர். அவருடைய எலும்பின் மேலுறையையே எடுத்து மூடித் தைத்தனர். 23 பேரின் விவரம் 1994-இல் வெளிவந்தது. தொடை எலும்பு முனை பழுதான 16 பேரில் 14 பேருக்கு நல்ல குணம். முழங்காற்சில்லு பழுதான 7 பேரில் 2 பேருக்கே நலம்.

ஆகவே இது மந்திரமன்று. அடிபட்டு ஓரிடத்தில் பெயர்ந்த குழிக்கே உதவும்; மூட்டு முழுதும் தேய்ந்தவருக்கு உதவாது. பல வாரம் ஊன்றுகோல், பல மாதம் பயிற்சி வேண்டும்.

அத்தனை மாதம் அடுப்பு எப்படி எரியும்? இதுவே நமது கேள்வி. 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டப்படி, வேலையில் காயமுற்றுக் கிடப்பவருக்குச் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு உண்டு. ஆனால் காயம் பதிவாகியிருக்க வேண்டுமே! வழுக்கி விழுந்தவர் தைலம் தேய்த்துக்கொண்டு லயத்தில் படுக்கிறார். செக்ரோலில் 'வரவில்லை' என்று மட்டும் எழுதுகிறோம். கிராணிகளாகிய நாமும் அந்தக் குற்றத்தில் பங்காளிகளே. ஆறு மாதம் கழித்துச் சாட்சிக்கு எங்கே போவது?

தோழர்களே! விழுந்த அன்றே சொல்லுங்கள். மருத்துவரைக் கண்டு சீட்டு வாங்குங்கள். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. அறிவித்தாரா என்று கேட்பது சங்கத்தின் கடமை. உள்ளதை உள்ளபடி எழுதுவது நம் பேனாவின் கடமை!