கரண்ட் கட்டு குறைஞ்சா யூபிஎஸ் வேண்டாமா?



போன வாரம் எங்க தெரு தம்பி ஒருத்தர் தாம்பரம் போய், பொண்ணு படிப்புக்குன்னு கம்ப்யூட்டர் வாங்கிட்டு வந்தார். "யூபிஎஸ் எங்கப்பா?"ன்னு கேட்டேன். "இப்பல்லாம் எங்கண்ணே கரண்ட் போகுது? வீட்ல இன்வெர்ட்டர் வேற இருக்கு"ன்னு சிரிச்சார். நானும் ஒரு காலத்துல இப்படித்தான் சொன்னேன். அதான் இந்தப் பதிவு.

2012-ல சென்னைக்கே தினம் 2 மணி நேரம் கட்டு. கிராமத்துல அதைவிட அதிகம். ஆனா பெரும்பாலும் நேரம் தெரியும், முன்னாடியே அணைச்சு வெச்சுடுவோம். இப்பவும் மாதாந்திர பராமரிப்புன்னா பேப்பர்ல போட்டுடறாங்க. சொல்லிட்டு வர்ற கட்டு கம்ப்யூட்டரைக் கெடுக்காது. காத்தடிச்சு தென்னை மட்டை கம்பியில உரசினா, கண் சிமிட்டுற நேரத்துல போய்ட்டு வருதே, அதுதான் எமன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஐப்பசி மழையில ஒரு ராத்திரி. நெல் கணக்கு ஏத்திக்கிட்டு இருந்தேன். லைட் ஒரு சிமிட்டு. இன்வெர்ட்டர் ஃபேனைத் தாங்கிடுச்சு, கம்ப்யூட்டர் அணைஞ்சு மறுபடி ஆன் ஆச்சு. அது முழுசா எழும்புறதுக்குள்ள இன்னொரு சிமிட்டு. அப்புறம் எழுந்திரிக்கவே இல்லை. ஹார்ட் டிஸ்க் போச்சுன்னுட்டார் மெக்கானிக். ஆறு வருஷக் கணக்கு போனதுகூட பரவாயில்ல. எங்கம்மா களத்துல நெல்லு தூத்துற போட்டோ ஒண்ணு அதுல இருந்துச்சு. அம்மா இப்ப இல்லை. அந்தப் போட்டோவுக்கு வேற பிரதியும் இல்லை.

அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. ஹார்ட் டிஸ்க்குல தட்டு நிமிஷத்துக்கு 5400, 7200 சுத்துன்னு ஓடும். எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் அறுந்தா பாதி எழுத்துல நின்னுடும். இன்வெர்ட்டர் கரண்ட் மாத்திவிட ஒரு கணம் எடுக்கும். ஃபேனுக்கு அது தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். நிறைய இன்வெர்ட்டர்ல யூபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கு. அதைப் போட்டா சீக்கிரம் மாத்தும். என் வீட்ல அது நார்மல்லயே இருந்திருக்கு!

யூபிஎஸ் படம் பாக்கறதுக்கு இல்லைங்க. சின்ன 600 விஏ பெட்டிக்குள்ள இருக்கறது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. பத்து, பதினஞ்சு நிமிஷம் தாங்கும். சேவ் பண்ணி ஒழுங்கா அணைக்க அது தாராளம். வர்தா புயல்ல நாள் கணக்கா கரண்ட் இல்லாம கிடந்தோமே, அதுக்கு இது மருந்து இல்லை.

வாங்கினா மட்டும் போதாது. நம்ம வெயிலுக்கு பேட்டரி ரெண்டு மூணு வருஷம்தான். செத்த பேட்டரியோட பெட்டியை மேசைக்கு அடியில வெச்சுட்டு யூபிஎஸ் இருக்குன்னு நம்புறவங்கதான் அதிகம். மாசம் ஒரு தடவை வேலையை சேவ் பண்ணிட்டு, சுவிட்சை அணைச்சுப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாங்கலைன்னா பேட்டரியை மாத்துங்க. லேசர் பிரின்டரை மட்டும் அதுல சொருகாதீங்க, இழுக்கற இழுவை தாங்காது.

ஒரு பேஸ் போனா மோட்டார் காயில் எரிஞ்சிடும்னு ஸ்டார்ட்டர்ல பிரிவென்டர் போடறோம். கரண்ட் இலவசம்தான், அதுக்காக மோட்டாரை அப்படியே விடறோமா? காயிலைத் திருப்பிக் கட்டலாம். போன போட்டோவை யாரு கட்டித் தருவா?

இன்னொண்ணு. யூபிஎஸ் இருந்தாலும் முக்கியமானதை பென் டிரைவ்லயும் ஒரு பிரதி போட்டு வைங்க. விதைநெல்லை ஒரே குதிர்ல கொட்டி வைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லும். கேட்டிருக்கலாம்.

தம்பி நேத்து யூபிஎஸ் வாங்கிட்டு வந்துட்டார். உங்க வீட்ல இருக்கற பேட்டரிக்கு என்ன வயசு? இன்னிக்கே பாருங்க.