கருப்புத் தோல் கவசம் அல்ல

“கருப்புத் தோலுக்கு கேன்சர் வராது. அது வெள்ளைக்காரன் நோய்.” காஞ்சிபுரத்தில் தோல் நோயைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லி முடித்துவிடுகிறார். பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். அண்மையில் நன்கு படித்த ஒருவரே இதை ஒலிபெருக்கியில் முழங்கினார், கைதட்டலும் விழுந்தது. இடுப்பில் ஆறாத புண்ணை மறைத்து வைத்திருக்கும் ஒரு பெண் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால், மருத்துவரிடம் போகும் எண்ணத்தை அன்றே கைவிட்டிருப்பார். அதனால்தான் இந்த மறுப்பு.

முதல் வாதம், தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் காக்கிறது என்பது. வெயிலிலிருந்து ஓரளவு காக்கிறது, அவ்வளவுதான். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் மெலனோமா என்னும் தோல் புற்று கண்டறியப்பட்டது. 1981-இல், 36 வயதில் இறந்தார். கருநிறத்தவருக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. அதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு இல்லை.

இரண்டாவது, “நம்ம ஊர்ல யாருக்கும் பார்த்ததில்லை” என்பது. தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பவர்களே குறைவு. பிறகு எப்படிக் கண்ணில் படும்?

மூன்றாவதுதான் என்னை மிகவும் கோபப்படுத்துவது: “உடம்பை மூடும் நம்ம உடையே பாதுகாப்பு.” மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் நோயியல் மருத்துவர் வி.ஆர். கானோல்கர், வேட்டியை ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டியவர்களின் இடுப்பில் வரும் புற்றை 1945-இலேயே பதிவு செய்தார். சேலை கட்டும் பெண்களிடமும் அதே நோய் பின்னர் காணப்பட்டது. 2024-இல் வார்தா, பீகார் மருத்துவர்கள் முதிய பெண்கள் இருவரைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு நோய் தொடையிடுக்கு நிணநீர் முடிச்சுவரை பரவியிருந்தது.

நோய் வரும் வழி இதுதான். பாவாடை நாடா நாள் முழுக்க ஒரே இடத்தில் அழுந்துகிறது. வியர்வையும் உராய்வும் சேர்கின்றன. தோல் கறுக்கிறது, செதில் உதிர்கிறது, அரிக்கிறது, சிலருக்கு வெளுக்கிறது. சொறிந்த இடம் புண்ணாகிறது. மறுநாளும் நாடா அதே புண்ணின் மேல்தான். ஆறுவதும் கிழிவதுமாக ஆண்டுகள் போனபின், அரிதாகச் சிலருக்கு அந்தப் புண்ணிலேயே புற்று பிறக்கிறது. வெயில் எட்டிப் பார்க்காத இடத்தில் மெலனின் எதைத் தடுக்கும்?

நம் பட்டின்மேல் பழியில்லை; இறுக்கத்தின்மேல்தான். ஜரிகை கனத்த சேலை நழுவக்கூடாதென்று முடிச்சை இன்னும் இறுக்குகிறோம். இடுப்பில் அகலப் பட்டை வைத்துத் தைத்த பாவாடையும் தளர்ந்த முடிச்சும் போதும்; புண் இருந்தால் ஆறும்வரை அங்கே நாடாவே வேண்டாம்.

கத்தி பட்டால் புற்று பரவும் என்று சோதனைக்கு அஞ்சுவதும் தவறு. சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது.

ஒரு மாதமாகியும் ஆறாத புண், நிறமோ வடிவமோ மாறும் மச்சம், நகத்தடியில் அகலும் கருங்கோடு, எது இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். புற்றுநோயால் 1969-இல் மறைந்த இவ்வூர் மகன் அண்ணாவின் பெயரில் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறது. தொடக்கத்திலேயே வெட்டி எடுத்தால் தோல் புற்று பெரும்பாலும் குணமாகிவிடும். மேடை ஏறுகிறவர்கள் இதைச் சொல்லட்டும்.