அரை பேண்டின் அதிகாரம்

நாகர்கோவில், மார்த்தாண்டம் முதலிய ஊர்களின் கடைத்தெருக்களில், மருந்துக் கடைக்கும் நகைக் கடைக்கும் மேலேயுள்ள மாடி அறைகளில், ஆங்கிலப் பரீட்சைகளுக்குப் பயிற்சி தரும் நிலையங்கள் நடைபெறுவது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. செவிலியர் படிப்பை முடித்து, நாலைந்து வருஷ ஆஸ்பத்திரி அனுபவமும் பெற்று, இங்கிலாந்து போகும் எண்ணத்தோடு அந்த மாடிப்படி ஏறுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், "ரீடிங் ஏழரை, ஸ்பீக்கிங் ஏழு, லிசனிங்தான் சார் ஆறரையிலேயே நிக்குது" என்கிற மாதிரியான பதில் பெரும்பாலும் வரும். சொல்லுகிறவரின் குரலில், தம் செவியிலேயே ஏதோ ஒரு குறையை வைத்தியர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது போன்ற வெட்கமும் கலந்திருக்கும். அந்த வெட்கத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதும், ஏழுக்குக் குறையும் அந்த அரை பேண்டை, அதாவது மதிப்பெண்ணின் அரைப் படியை, கையில் பிடித்துக்கொண்டு ஒருவருடைய வாழ்க்கைப் போக்கையே நிர்ணயிக்கிற ஸ்தாபனங்கள் தங்கள் அளவுகோலுக்கு இல்லாத சூட்சுமத்தை இருப்பதாகப் பாவித்துக் காரியம் செய்கின்றன என்பதும் என் அபிப்பிராயம்.

அளவுகோலை முதலில் பார்த்துவிடுவோம். பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்றும் கூட்டாக உரிமை கொண்டதும், 1989 முதல் நடந்து வருவதுமான ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில், கேட்டல் பகுதி என்பது சுமார் 30 நிமிஷ ஒலிப்பதிவு, நாலு பாகங்கள், 40 கேள்விகள், கேள்விக்கு ஒரு மார்க். ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். முதல் பாகத்தில் வாடகை வீடு, பிரயாணச் சீட்டு போன்ற அன்றாட விஷயம் பற்றி இருவர் சம்பாஷிப்பார்கள். இரண்டாவதில் ஒருவர் மட்டும் பொதுவான ஒரு விவரத்தை எடுத்துச் சொல்லுவார். மூன்றாவதில் மாணவர்களும் ஆசிரியரும் படிப்பைப் பற்றி விவாதிப்பார்கள். நாலாவது, கல்லூரி வகுப்பில் நடப்பது போன்ற ஒரு பிரசங்கம். பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே உச்சரிப்பில் பேசமாட்டார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, வட அமெரிக்க உச்சரிப்புகள் மாறி மாறி வரும்.

இதில் அளக்கப்படுவது என்ன என்று ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நிதானமாகக் கவனித்தால் விஷயம் விளங்கும். வாடகை வீட்டைப் பார்க்க எப்போது வரலாம் என்று தொலைபேசியில் விசாரிக்கும் பெண், "செவ்வாய்க்கிழமை வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, மறுமுனையில் இருப்பவர் சரி என்று சொல்லி முடிப்பதற்குள், "ஐயோ, அன்று எனக்கு வேலை இருக்கிறதே, வியாழன் ஆகட்டும்" என்று மாற்றிக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குக் கண்ணை ஓட்டிய பரீட்சார்த்தி, ஆங்கிலம் அறியாதவர் அல்லர். ஒரு மூச்சு அவசரப்பட்டவர். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரோ வியாழன் என்றே சரியாகக் கேட்டார். ஆனால் அந்தச் சொல்லை எழுத்துப் பிசகாக எழுதினார். அவருக்கும் மார்க் இல்லை. மூன்றாமவர் கிழமையையும் சரியாகக் கேட்டு, எழுத்தும் பிசகாமல், இரண்டு சொற்களுக்கு மேல் போகக்கூடாது என்ற நிபந்தனையை மட்டும் மறந்து மூன்று சொல் எழுதிவிட்டார்; விடை அதற்குள்ளேயே இருந்தும் அவருக்கும் பூஜ்யந்தான். செவியின் சக்தி, கவனம், ஞாபகம், எழுத்துக்கூட்டும் பழக்கம், நிபந்தனையைப் படிக்கும் நிதானம் ஆகிய ஐந்தும் ஒரே கோட்டில் கூடி நின்றால்தான் ஒரு மார்க் விழுகிறது. எதனால் விழவில்லை என்பதை அந்த மார்க் யாரிடமும் சொல்வதில்லை.

நாற்பதுக்கு இத்தனை என்று கிடைத்த எண்ணைப் பிறகு ஒன்பது பேண்டாக மாற்றுகிறார்கள். பரீட்சை நடத்துவோரே வெளியிட்டிருக்கும் கணக்கின்படி, சராசரியாக 16 விடை சரியானால் பேண்ட் 5, 23 ஆனால் 6, 30 ஆனால் 7, 35 ஆனால் 8. வினாத்தாளின் கடினத்துக்குத் தக்கபடி இது சற்றே ஏறி இறங்கும். ஆறிலிருந்து ஏழுக்கு ஏற ஏழு விடையும், ஏழிலிருந்து எட்டுக்கு ஏற ஐந்து விடையும் வேண்டும் என்றால், அரை பேண்ட் என்பது இரண்டிலிருந்து நாலு விடைதான். விளிம்பில் நிற்கிறவருக்கோ ஒரே விடை. 29 எடுத்தவருக்கு ஆறரையும் 30 எடுத்தவருக்கு ஏழும் கிடைப்பது இப்படித்தான். பேச்சுக்கும் எழுத்துக்கும் ஒரு பரீட்சகர் இருக்கிறார். அவர் வரையறுத்த இலட்சணங்களை முன்னால் வைத்துக்கொண்டு, இது ஆறா ஏழா என்று யோசித்துத் தீர்மானிக்கிறார். கேட்டலில் யோசிப்பவர் யாரும் இல்லை. எண்ணிக்கை மட்டும் உண்டு. ஆகவே 'நல்ல பயன்பாட்டாளர்', 'மிக நல்ல பயன்பாட்டாளர்' என்று பேண்டுகளுக்குச் சூட்டப்பட்டிருக்கும் பட்டங்கள், எண்ணி முடித்தபின் அந்த எண்ணிக்கையின் மேல் மாட்டப்படுகிறவையே.

மற்றப் பரீட்சைகளின் அளவுகளையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். டோஃபலில் கேட்டலுக்கு உச்ச அளவு 30 என்று நெடுங்காலம் அளந்தார்கள், டோயிக்கில் 495, மருத்துவப் பணியாளருக்கான ஓ.இ.டி.யில் 500. ஓ.இ.டி.யில் 'பி' கிரேடுக்கு 350 வேண்டும் என்றதும் அதை எழுபது சதவிகிதம் என்று எண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு. அது சதவிகிதமே அல்ல, வினாத்தாளின் கடினத்தைச் சரிக்கட்டிய பிறகு வரும் அளவெண். இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட, ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகளைப் பொது ஏணியாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஏணியின் ஒரு படிக்குள்ளேயே ஐ.இ.எல்.டி.எஸ்.ஸின் ஐந்தரை, ஆறு, ஆறரை மூன்றும் அடங்கிவிடுகின்றன என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டால் போதும்.

அரை பேண்டுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கனடா தேசத்துக் குடியேற்ற விதிகளில் காணலாம். 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில் ஐ.இ.எல்.டி.எஸ். பேண்டுகளை முதலில் கனடிய மொழிப் படிகளாக மாற்றி, பிறகு படிக்குத் தக்க புள்ளி கொடுக்கிறார்கள். ஒன்பதாம் படியை எட்டுவதற்கு வாசிப்பிலும் எழுத்திலும் பேச்சிலும் 7 போதும்; கேட்டலில் மட்டும் 8 வேண்டும். ஒரு திறமையின் ஏழும் இன்னொரு திறமையின் ஏழும் ஒரே எடை உள்ளவை அல்ல என்பதை அந்த அட்டவணையே ஒப்புக்கொள்கிறது. இது நல்ல விவேகந்தான். ஆனால் அடுத்து என்ன நடக்கிறது? மணமாகாத, முதுகலைப் பட்டமும் தாய்நாட்டில் மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட உத்தியோக அனுபவமும் உள்ள ஒருவர், மற்ற மூன்றிலும் ஒன்பதாம் படியைத் தொட்டுவிட்டு, கேட்டலில் ஏழரையோடு நின்றால், கேட்டலுக்கான புள்ளி 31க்குப் பதிலாக 23 ஆகிறது, அதோடு விடவில்லை. நாலு திறமையிலும் ஒன்பதாம் படி இருந்தால் படிப்புக்கும் அனுபவத்துக்கும் சேர்த்துக் கிடைக்கக்கூடிய 100 புள்ளி, ஒன்றே ஒன்று எட்டாம் படியில் நின்ற குற்றத்துக்காக 50 ஆகக் குறைந்துவிடுகிறது. மொத்த நஷ்டம் 58 புள்ளி. 34 விடை சரியாக எழுதியவருக்கும் 35 எழுதியவருக்கும் இடையே பெரும்பாலான வினாத்தாள்களில் உள்ள வித்தியாசம் இதுவே: செவிக்கு எட்டிய ஒரு சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போனால் 58 புள்ளி!

விதி என்று ஒன்று இருந்தால் எங்கேயாவது கோடு கிழித்துத்தானே ஆகவேண்டும், கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன் எப்போதும் முறையிடத்தானே செய்வான் என்று கேட்கலாம். நியாயமான ஆட்சேபம். கோடு வேண்டாம் என்பது என் கட்சியன்று. அளக்கிற கருவிக்கு எவ்வளவு நுட்பம் உண்டோ அதற்கு மேற்பட்ட நுட்பத்தோடு கோடு கிழிக்கலாகாது என்கிறேன். எந்தப் பரீட்சைக்கும், ஒரே ஆளை ஒரே வாரத்தில் இரண்டு வினாத்தாள் எழுதச் செய்தால் இரண்டு மார்க்கும் அச்சாக ஒன்றாக இராது என்பதால் உண்டாகும் பிழை எல்லை ஒன்று உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ். கேட்டல் பகுதிக்குப் பரீட்சை நடத்துவோரே வெளியிடும் பிழை எல்லை, ஒரு பேண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையே அமைகிறது. பரீட்சை என்ற முறையில் இது மிக நல்ல நிலையே. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையிலேயே ஏழுக்குத் தகுதியான ஒருவர் ஒரு நாள் ஆறரையும் மறு நாள் ஏழரையும் வாங்கிக்கொண்டு போவது சகஜம் என்பதே இதன் பொருள். அந்த ஒரு நாளின் ஆறரையை அந்த மனிதரின் யோக்கியதையாகவே எழுதி வைத்துவிடுவதற்கு இந்த எண்ணில் இடமில்லை.

அதிலும் ஒரு வேடிக்கை. நாலு திறமைகளின் சராசரியைக் கணக்கிடும்போது மட்டும் இந்தக் கண்டிப்பு தளர்ந்து தாராளமாகிவிடுகிறது. 7, 7, 6.5, 6.5 என்று வாங்கியவரின் சராசரி 6.75, அதை முழு ஏழாக உயர்த்தி அச்சிட்டுத் தருகிறார்கள். மொத்தத்தில் ஏழு என்று அச்சான சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, தனித்தனியே ஏழு கேட்கிற இடத்தில் தோற்று நிற்கிறவர்கள் எத்தனையோ பேர்.

பயிற்சி நிலையங்களை நாம் எளிதில் பரிகசித்துவிடுகிறோம். வினாவை முன்கூட்டிப் படித்து வரப்போகும் விடை எண்ணா பெயரா என்று ஊகித்துக்கொள், பேசுகிறவர் 'ஆனால்' என்று தொடங்கினால் முன்னே எழுதியதை அழிக்கத் தயாராக இரு, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுது, ஒரு விடை தவறிப்போனால் அழாதே, அடுத்ததைப் பிடி என்று அவர்கள் சொல்லிக்கொடுக்கும் உபாயங்கள் அனைத்தும் பலிக்கவே செய்கின்றன. ஆறரை வாங்கிய பெண் ஆறு வாரம் இவற்றை அப்பியாசம் செய்து ஏழு வாங்கிவிடுகிறாள். ஆறு வாரத்தில் அவளுடைய செவிக்கு ஆங்கிலம் புதிதாக விளங்கத் தொடங்கிவிட்டது என்று அவளுடைய ஆசிரியரும் சொல்லமாட்டார். கூடிய அரை பேண்ட் பரீட்சை எழுதும் சாமர்த்தியத்தினுடையது என்றால், முன்னே குறைந்திருந்த அரை பேண்டையும் அதே கணக்கில்தானே எழுதவேண்டும்? தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது பிரத்தியேகமாகப் பொருந்தும். நாம் ஆங்கிலத்தைச் செவியால் கற்றதைவிடக் கண்ணால் கற்றதே அதிகம். அச்சில் பார்த்தால் தெரியும் சொல், பேச்சின் வேகத்தில் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும்போது அடையாளம் தெரியாமல் போகிறது. பதின்மூன்றா முப்பதா, பதினைந்தா ஐம்பதா என்ற மயக்கம் ஆங்கிலச் சொல்லழுத்தத்தில் பழகாத காதுக்கு வருவது இயல்பு. மருந்தின் அளவைக் கேட்டுக் குறிக்கவேண்டிய செவிலியருக்கு அது அற்பமான மயக்கமும் அல்ல. ஆகவே கேட்டல் பரீட்சையே வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லேன்.

இந்த விஷயத்தில் ஓ.இ.டி.யின் போக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் தோன்றி, மருத்துவத் தொழில்களுக்கென்றே நடத்தப்படும் அந்தப் பரீட்சையின் கேட்டல் பகுதியில், 42 கேள்விகளில் 24, நோயாளியும் மருத்துவப் பணியாளரும் பேசிக்கொள்வதைக் கேட்டுக் குறிப்பு எடுப்பது பற்றியவை. வலி எங்கே தொடங்கியது, எத்தனை நாளாக இருக்கிறது, முன்பு என்ன மருந்து சாப்பிட்டார் என்று நாளைக்கு வார்டில் செய்யப்போகிற வேலையையே அங்கே இன்று செய்யச் சொல்லுகிறார்கள். இருந்தாலும் வார்டு வேறு, பரீட்சைக் கூடம் வேறு. கிளாஸ்கோவில் பல் இல்லாத கிழவர் ஒருவர் முனகுவதைப் போன்ற பேச்சு எந்த ஒலிப்பதிவிலும் வராது. அந்த அளவில் பரீட்சை எளிது. "மன்னிக்கவேண்டும், இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்கும் உரிமை பரீட்சையில் இல்லை. அந்த அளவில் அது கடினம். திரும்பக் கேட்பதற்குக் கூசாத செவிலியர், எட்டு பேண்ட் வாங்கிவிட்டுக் கேட்கக் கூசுகிறவரைவிட நோயாளிக்குப் பத்திரமானவர் என்பது என் எண்ணம். அந்தக் கூச்சமின்மையை எந்த பேண்டும் அளப்பதில்லை.

பிரிட்டனின் செவிலியர் பேறுகாலப் பணியாளர் கவுன்சில் இதை ஓரளவு உணர்ந்திருப்பதாகவே தோன்றுகிறது. அவர்கள் கேட்டலிலும் வாசிப்பிலும் பேச்சிலும் 7, எழுத்தில் 6.5 கேட்கிறார்கள், ஓ.இ.டி. என்றால் முன்னவற்றில் 350, எழுத்தில் 300. ஆனால் இரண்டு தடவை எழுதிய பரீட்சைகளின் மார்க்குகளை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஒன்றாகச் சேர்த்துக் காட்ட இடம் கொடுத்திருக்கிறார்கள். 2023இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: ஏதேனும் ஒரு திறமையில் அரை பேண்டோ அரை கிரேடோ குறைந்து, பிரிட்டனின் சுகாதாரத் துறையில் பதிவு பெறாத ஊழியராக ஒரு வருஷமாவது வேலை பார்த்தவருக்கு, அவருடைய ஆங்கிலம் போதுமானதே என்று மேலாளர் தரும் அத்தாட்சியையும் துணைச் சாட்சியமாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஒலிப்பதிவின் முப்பது நிமிஷத்துக்கு எதிரே, கூட வேலை பார்த்தவரின் ஒரு வருஷச் செவியும் கண்ணும்! சலுகை காட்டுகிறார்கள் என்று இதைச் சிலர் சொல்லக்கூடும். நல்ல அளவை முறை என்றே நான் சொல்வேன். குடியேற்ற இலாகாக்களும் பல்கலைக்கழகங்களும் இந்த வழியில் பாதி தூரமாவது வரலாம். குறைந்தபட்சம், ஒரு தனித் திறமையில் அரை பேண்ட் குறைந்தவரை மற்ற மூன்றோடும் சேர்த்து வைத்துப் பார்க்கும் விதி ஒன்றை வகுத்துக்கொள்ளலாம்.

பரீட்சை நடத்துகிறவர்களிடமும் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. ரூ.16,000க்கு மேல் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்கள் அனுப்பும் சான்றிதழில், கேட்டல் என்ற சொல்லுக்கு எதிரே ஒரே ஓர் எண் இருக்கிறது. முதல் பாகத்தில் பெயரும் கிழமையும் எழுதுவதில் நாலு மார்க் இழந்தவருக்கு வேண்டியது எழுத்துக்கூட்டும் பயிற்சி. நாலாம் பாகத்துப் பிரசங்கத்தில் அதே நாலு மார்க்கை இழந்தவருக்கு வேண்டியது, நீண்ட பேச்சின் போக்கைத் தொடர்ந்து பிடிக்கும் பழக்கம். இருவர் கையிலும் ஆறரை என்ற ஒரே எண்ணைக் கொடுத்து அனுப்பினால், இருவரும் அதே மாடிப்படி ஏறி, அதே வகுப்பில் உட்கார்ந்து, அதே பணத்தை இன்னொரு தடவை கட்டுகிறார்கள். எந்தப் பாகத்தில் எத்தனை என்ற நாலு சிறிய எண்கள் பரீட்சை நடத்துவோரின் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைச் சான்றிதழின் கீழ் ஒரே வரியில் அச்சிட்டுத் தருவதற்குப் புதிய பரீட்சையோ புதிய கட்டணமோ தேவையில்லை.