சில்லறையில் ஒரு பேராலயம்

காய்ச்சல் வந்தால் ஓடிகொலோனில் நனைத்த துணியை நெற்றியில் போடுவது ஒரு காலத்தில் பல வீடுகளில் வழக்கம். அந்த வாசனை நீருக்குப் பெயர் கொடுத்த ஊர், ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் கொலோன். அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அங்குள்ள பேராலயம், ஐரோப்பியர்களின் சட்டைப்பையில் சில்லறையாகவும் புரள்கிறது!

ஆண்டுக்கு ஒரு மாநிலம், அந்த மாநிலத்தின் புகழ்பெற்ற கட்டடம் ஒன்று 2 யூரோ நாணயத்தில்... இப்படி ஒரு வழக்கத்தை ஜெர்மனி 2006-ல் தொடங்கியது. 2011-ல் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தின் முறை வந்தது. நாணயத்தில் கொலோன் பேராலயம் இடம்பிடித்தது.

நாணயத்தின் எடை 8.5 கிராம், குறுக்களவு 25.75 மில்லிமீட்டர். சுமார் 3 கோடி நாணயங்கள் அச்சாயின. நினைவு நாணயம்தான் என்றாலும், பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்காக வந்ததல்ல. யூரோ புழங்கும் எந்த நாட்டிலும் இதைக் கொடுத்து ரொட்டியோ காபியோ வாங்கலாம்.

உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பேராலயத்தைக் கட்டி முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆயின தெரியுமா? 632!

குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று ஞானிகளின் திருப்பண்டங்கள் என்று நம்பப்படுபவை 1164-ல் கொலோனுக்கு வந்தன. அவற்றை வணங்கக் கூட்டம் கூடியது. அதற்கேற்ற பெரிய கோயில் வேண்டுமென்று 1248-ல் அடிக்கல் நாட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக வேலை நடந்தது. 16-ஆம் நூற்றாண்டில், பணமும் ஆர்வமும் வற்றிப்போக, எல்லாம் நின்றுவிட்டது.

தெற்குக் கோபுரம் பாதியில் நின்றது. அதன் உச்சியில் கல் தூக்க வைத்திருந்த மரக் கிரேனை இறக்க யாரும் வரவில்லை. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது அங்கேயே இருந்தது. பழைய ஓவியங்களில் கொலோன் நகரை அடையாளம் காட்டுவதே அந்தக் கிரேன்தான்.

பிறகு ஒரு திருப்பம். பேராலய முகப்பின் பழைய வரைபடத்தில் ஒரு பாதி 1814-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலும், மறுபாதி 1816-ல் பாரிஸிலும் கிடைத்தன. முன்னோர் மனதில் இருந்த கோபுரம் எப்படிப்பட்டது என்று அப்போதுதான் முழுமையாகத் தெரிந்தது.

1842-ல் வேலை மறுபடியும் தொடங்கியது. பிரஷ்ய அரசு பணம் கொடுத்தது. மக்களும் ஒரு சங்கம் அமைத்துக் காசு திரட்டினார்கள். கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, புராட்டஸ்டன்ட் பிரிவினரும் யூதர்களும் கொடுத்தார்கள். போதாமல் போனபோது லாட்டரிச் சீட்டும் விற்றார்கள்! 1880-ல், அந்தப் பழைய வரைபடத்தில் இருந்தபடியே இரட்டைக் கோபுரம் எழுந்தது. 157 மீட்டர் உயரம்! அன்றைக்கு உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான்.

இரண்டாம் உலகப் போரில் 14 பெரிய குண்டுகள் அதைத் தாக்கின. மேற்கூரை வளைவுகள் பல இடிந்தன. கோபுரங்கள் மட்டும் அசையாமல் நின்றன. இடிந்ததை மறுபடியும் கட்டினார்கள். 1996-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

'பேராலய வேலை முடிந்தால் உலகமே முடிந்துவிடும்' என்று கொலோன்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அதற்கேற்ப, மழையும் புகையும் அரித்த கற்களை மாற்ற, பேராலயத்துக்கென்றே உள்ள பட்டறையில் கல்தச்சர்களும் கண்ணாடிக் கலைஞர்களும் இன்றும் வேலை செய்கிறார்கள். ஏதாவது ஒரு மூலையில் எப்போதும் சாரம் கட்டியிருக்கும்.

1248-ல் முதல் கல்லைச் செதுக்கியவருக்குத் தெரியும், கோபுரத்தைத் தன் கண்ணால் பார்க்கப்போவதில்லை என்று. 1842-ல் காசு கொடுத்த பெரியவர்களில் பலரும் அதைப் பார்க்காமலே போனார்கள். ஆனாலும் செதுக்கினார்கள், கொடுத்தார்கள்.

அன்று மக்கள் போட்ட சில்லறையில் எழுந்த கோபுரம், இன்று சில்லறையிலேயே ஏறி கடைக்குக் கடை, கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது. ஒரு காசுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது அரிது!