பின்னுக்கு வந்தவன் மட்டுமா குற்றவாளி?

தருமபுரி நகரத்துக்குச் சுமார் 25 கிலோமீட்டர் தூரத்திலுள்ள வத்தல்மலை, பல தலைமுறைகளாகக் காலால் மட்டுமே ஏறக்கூடிய மலையாக இருந்தது. பெரியூர், சின்னங்காடு, பால்சிலம்பு முதலிய சிற்றூர்களில் வசிக்கும் மலையாளி ஜனங்கள் தங்கள் விளைபொருளைத் தலைச்சுமையாகவே கீழே இறக்கினார்கள். இந்த நூற்றாண்டில்தான் அங்கே தார் ரஸ்தா ஏறிற்று. சர்க்கார் பேருந்து ஏறியதோ இன்னும் அண்மையில். இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அந்த ரஸ்தாவில் இன்று காப்பி மூட்டையும் மிளகு மூட்டையும் சிறு லாரிகளில் இறங்குகின்றன. விடுமுறை நாட்களில் சமவெளியிலிருந்து மோட்டார்கள் காற்று வாங்க ஏறுகின்றன. ரஸ்தா வந்ததை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் ரஸ்தாவோடு கூட ஒரு வழக்கும் ஏறி வருகிறது. வண்டி நிறுத்துமிடத்தில் பின்னுக்கு எடுத்த வண்டி மற்றொன்றின்மீது மோதினால் குற்றம் யாருடையது என்பதே அது.

இது பத்திரிகையில் பிரஸ்தாபிக்கத்தக்க விஷயமா என்று சிலர் கேட்கலாம். சென்னையில் ஒரு வியாபார மாளிகையின் அடித்தளத்தில் நடந்தால் இது பம்பர் நசுங்கிய சில்லறைத் தகராறுதான். சமநிலம் அரிதான மலையில் அப்படியன்று. அங்கே வண்டிக்குப் பின்னால் இருப்பது சில இடங்களில் சரிவு. சில இடங்களில் ஓர் ஏழைக் குடியானவனுக்கு இருக்கும் ஒரே இரு சக்கர வண்டி. காரின் கதவு நசுங்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளும். குடியானவனின் வண்டி நசுங்கினால் மறுநாள் அவன் பால் கொண்டுபோவது நின்றுவிடும்.

இத்தகைய தகராறுகள் நம் நாட்டில் தீர்க்கப்படும் விதம் யாவருக்கும் தெரிந்ததே. கூட்டம் கூடுகிறது, கூட்டமே நியாயஸ்தலமாகிவிடுகிறது. ஒருவர் பெரிய வண்டிக்காரனே குற்றவாளி என்கிறார். இன்னொருவர், பின்னுக்கு எடுத்தவன் வாயே திறக்கக் கூடாது என்கிறார். மூன்றாமவர் வெளியூர் எண்ணைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிடுகிறார். ஆங்கிலம் பேசத் தெரிந்தவனும் உரத்த குரல் உடையவனும் ஜெயிக்கிறார்கள். இம்மூன்று தீர்ப்புகளில் இரண்டாவதில் மட்டும் ஓரளவு சட்டம் இருக்கிறது.

1989ஆம் வருஷத்துச் சாலை விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2017இல் வந்த ஒழுங்குமுறைகளும் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. பிறருக்கு அபாயமோ அநாவசியமான இடைஞ்சலோ நேராதென்று தானே திருப்தி அடையாமல் எவனும் வண்டியைப் பின்னுக்குச் செலுத்தலாகாது. "கண்ணாடியில் பார்த்தேன், தெரியவில்லை" என்பது ஆகவே சமாதானமாகாது. தெரியவில்லையானால் எடுத்திருக்கக் கூடாது. 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் பின்புறத் தடையை அறிவிக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கருவி கூவவில்லை என்று சொல்லி ஓட்டுபவன் தன் கடமையை அதன் தலையில் கட்டிவிட முடியாது. நம் லாரிக்காரர்கள் இந்த விஷயத்தில் கனவான்களைவிட மேல். கிளீனர் இறங்கிப் பின்னே நின்று, பலகையைத் தட்டி "வரலாம், வரலாம்" என்று சொன்ன பிறகே வண்டி நகருகிறது. குடும்பத்தோடு ஏறி வந்த காரில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தும், ஒருவரும் இறங்கிப் பார்ப்பதில்லை.

இரண்டு வண்டிகள் ஒரே சமயத்தில் பின்னுக்கு வந்து முதுகோடு முதுகு மோதினால்? இருவருக்கும் ஒரே கடமை, இருவரும் தவறினார்கள், நஷ்டம் தவறின் அளவுக்குத் தக்கபடி பங்காகும். ஒருவன் முன்னதாக நின்றுவிட்டதை நிரூபித்தால் அவன் பங்கு குறையும், சில சமயம் ஒழியும். அவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டவன் கதை வேறு. இருவர் அஜாக்கிரதையும் சேர்ந்து மூன்றாமவனுக்குத் தீங்கு செய்தால், அவன் இருவரில் எவனிடமிருந்தும் முழு ஈட்டையும் கேட்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2015இல் கென்யேய் வழக்கில் விளக்கியிருக்கிறது. "அவனிடம் பாதி வாங்கிக்கொள்" என்று நசுங்கிய சைக்கிள்காரனை அலையவிடுவது சட்டமன்று.

இனி, நிற்கும் வண்டியின் விஷயம். நிற்கும் வண்டி ஒருபோதும் குற்றவாளியாகாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. 1842இல் இங்கிலாந்தில் ஒருவன் தன் கழுதையின் முன்னங்கால்களைக் கட்டி நடுரஸ்தாவில் விட்டுவிட்டான். வேகமாய் வந்த குதிரை வண்டி அதன்மேல் ஏறிற்று. கழுதையை அங்கே விட்டது தவறானாலும், விலகிப் போக முடிந்தவன் விலகியிருக்க வேண்டுமென்று கோர்ட் வண்டிக்காரனையே பொறுப்பாக்கிற்று. (கழுதை என்றதும் சிரிக்க வேண்டாம். நம் தருமபுரி ஜில்லாவிலேயே கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு யந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறின.) அதற்கு முந்தி 1809இல், வழியில் குறுக்கே கம்பம் வைத்தவன்மேல் வழக்குப் போட்ட குதிரைக்காரன் தோற்றான், தானே கண்மூடித்தனமாக ஓட்டிவந்தான் என்பதற்காக. ஒருவன் முழுதும் ஜெயிக்க மற்றவன் முழுதும் தோற்கும் இந்த முறையை ஆங்கிலேயரே 1945இல் ஒரு சட்டத்தால் கைவிட்டார்கள். இன்று நம் நியாயஸ்தலங்களும் தவறைப் பங்கிட்டே பார்க்கின்றன.

ஆகவே பேருந்து திரும்புவதற்கென்று இருக்கும் சொற்ப இடத்தில் ஒருவர் காரை விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போய்விட்டால், இரு முழத்தில் முடியவேண்டிய திருப்பத்தைப் பேருந்து பத்து தடவை முன்னும் பின்னும் போய் முடிக்கிறது. பதினோராவது தடவை விளக்கு உடைந்தால் டிரைவரின் தவறு தவறுதான். ஆனால் கார்க்காரர் கையை வீசிக்கொண்டு போக முடியாது. அபாயமோ இடைஞ்சலோ விளையும்படி வண்டியை விட்டுச் செல்வதை 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடுக்கிறது. ஓட்டுநர் இல்லாத வண்டி தானே உருளாதபடி யந்திரத்தை நிறுத்திப் பிரேக்கைப் போட்டுவைக்க வேண்டுமென்கிறது 126ஆம் பிரிவு. சரிவில் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சோம்பியவன் மோதல் நடந்தபோது அங்கே இல்லாமலே குற்றவாளியாகலாம்.

எல்லாவற்றிலும் பெரிய அநியாயம் நசுங்கலே விழாத தவறுதான். குறுகலான மலை ரஸ்தாவில் இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இதுவும் அதே விதிகளில் உள்ளது. ஆனால் விதியைப் படித்தவர் ஹாரனை அழுத்துகிறார். உரமும் அரிசியும் ஏற்றி முனகிக்கொண்டு ஏறும் சிறு லாரிக்காரன் பின்னுக்கு இறங்குகிறான். அப்படி இறங்கும்போது அவன் ஓரத்தில் நின்ற வண்டியில் உரசினால், கூட்டம் யாரைப் பிடிக்கும்? பின்னுக்கு வந்தவனை. பின்னுக்குத் தள்ளியவர் அதற்குள் மூன்று வளைவு கீழே போயிருப்பார். பின்னோக்கி வந்தவனே பொறுப்பு என்ற விதியை நாம் மறுக்கவில்லை; அவனை அந்த நிலையில் வைத்தது யார் என்று கேட்காமல் அவ்விதியைப் பிரயோகிப்பதையே கண்டிக்கிறோம்.

"தனியார் இடம், இங்கே சட்டம் செல்லாது" என்ற பேச்சும் கேட்கிறோம். ஜனங்களுக்குப் பிரவேச உரிமையுள்ள எந்த இடமும், பொதுப் பாதையாக இல்லாவிட்டாலும், 1988ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பொது இடமே. கட்டணச் சீட்டின் பின்புறம் "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடிப்பவர்களும், தாஜ்மஹால் ஓட்டல் வழக்கில் 2019இல் சுப்ரீம் கோர்ட் சொன்னதைப் படிப்பது நலம். சாவியை வாங்கிக்கொண்டு தானே காரை நிறுத்திவைத்த ஓட்டல், கார் திருட்டுப்போனபோது அந்த அச்செழுத்தின் பின்னே ஒளிய முடியவில்லை.

உடையவன் இல்லாத வேளையில் இடித்துவிட்டு நழுவுபவருக்கும் ஒரு வார்த்தை. பிறர் சொத்துக்குச் சேதம் நேர்ந்து, அங்கே போலீஸார் இல்லையேல், சீக்கிரத்தில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள ஸ்டேஷனில் தெரிவிக்கும்படி 134ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. சொத்துச் சேதத்துக்கு ஈடு கேட்க விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயமும் இருக்கிறது. பெரியூரிலுள்ள ஒரு குடியானவன் இந்த இரண்டையும் அறிந்திருந்தால், கையில் திணிக்கப்படும் 500 ரூபாயை வாங்கிக்கொண்டு வாய்மூடி நிற்கமாட்டான். அவனுக்கு இதைச் சொல்வது நம் தொண்டர்களின் வேலை. மலைமேல் பேருந்து திரும்பும் இடத்துக்கு வெள்ளைக் கோடு போட்டு, அதற்குள் வண்டி நிறுத்தாதபடி விடுமுறை நாட்களில் ஓர் ஆளை நிறுத்துவது ஜில்லா அதிகாரிகளின் வேலை.